பூசும் மருந்தும் விழுங்கும் மருந்தும்

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

எங்கள் வகுப்பில் நாங்கள் நாற்பத்து நான்கு பேர். முகத்தில் ஒரு பருகூட இல்லாதவர்களை எண்ண ஒரு கை விரல்களே போதும். இடைவேளையில் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பருவில் வந்துதான் நிற்கும். ஒருத்தி பயற்றம்மாவு என்பாள். மற்றொருத்தி வேப்பிலையும் கஸ்தூரி மஞ்சளும் என்பாள். பற்பசையைப் பூசி நெற்றியைப் புண்ணாக்கிக்கொண்டவளும் எங்களுள் உண்டு. ஆண்டு மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சிஸ்டர் கேட்டபோது, விண்கலம், அணுசக்தி என்று தொலைவில் தேடாமல் இதையே எடுத்துக்கொண்டேன். இதைப்பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். எப்படித் தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்ற ஆகஸ்டு மாதம் விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மாவின் மகள், என் அக்கா, அப்போது பருவுக்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருடங்களாக அவள் தாடையிலும் முதுகிலும் கோலிக்குண்டு போலக் கட்டிகள் வந்து, உடைந்து, பள்ளம் விழுந்து, பார்க்கவே பாவமாக இருக்கும். அந்த அக்காவின் முகம் இரண்டே மாதத்தில் தெளிந்திருப்பதைக் கண்டு நான் திகைத்துப் போனேன். எனக்கிருந்ததோ நெற்றியிலும் மூக்கிலும் கரும்புள்ளிகள், கன்னத்தில் சில சிவந்த பருக்கள், அவ்வளவே. அக்காவுக்கு நல்லது செய்தது எனக்கும் செய்யாதா என்று எண்ணி, அலமாரியில் இருந்த அட்டையிலிருந்து நான்கு நாட்கள் நான்கு மாத்திரைகளை யாருக்கும் தெரியாமல் விழுங்கினேன்.

அக்கா நாட்காட்டியில் கோடு போட்டு எண்ணிச் சாப்பிடுகிறவள். நான்கு குறைந்தது உடனே தெரிந்துவிட்டது. அவள் திட்டவில்லை. முகம் வெளுத்துப்போய், “எப்போது சாப்பிட்டாய்? எத்தனை?” என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலையிலேயே தன் டாக்டரம்மாவிடம் என்னை அழைத்துப் போனாள். அவர்கள் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் போட்டு எனக்கு விளக்கியதையும், அதன்பின் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பரு எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். நம் தோலில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு சிறு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. பருவ வயதில் உடலில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள் கூடுகின்றன. பெண்களாகிய நமக்கும் அவை உண்டு. அவற்றின் தூண்டுதலால் சுரப்பி பெருத்து, எண்ணெய் மிகுதியாகச் சுரக்கிறது. அதே சமயம் மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் வெளியேறாமல் ஒன்றோடொன்று ஒட்டி, வாயை அடைத்துக்கொள்கின்றன. அடைப்பு மூடியிருந்தால் வெண்புள்ளி, திறந்திருந்தால் கரும்புள்ளி. கரும்புள்ளியின் கருமை அழுக்கு என்று எண்ணி நான் ஒரு நாளைக்கு ஆறு முறை சோப்புப் போட்டுக் கழுவியதுண்டு. அது அழுக்கே அன்று. தோலின் நிறமிதான் காற்றுப்பட்டுக் கறுத்துத் தெரிகிறது. ஆறு முறை கழுவியதில் தோல் எரிந்ததுதான் மிச்சம். அடைபட்ட எண்ணெயில் குட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்னும் நுண்ணுயிர் பெருகி, உடல் அதை எதிர்க்க, இடம் சிவந்து வீங்கிச் சீழ் கட்டுகிறது. அழற்சி ஆழத்துக்குப் போனால்தான் அக்காவுக்கு வந்தது போன்ற கட்டிகள். அவைதாம் தழும்பை விட்டுச் செல்கின்றன.

இப்போது மருந்துக்கு வருவோம். அக்கா விழுங்கிய மாத்திரையும், டாக்டரம்மா எனக்கு எழுதிக்கொடுத்த குழாய் மருந்தும் ஒரே குடும்பம் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாயிருந்தது. இரண்டும் ரெட்டினாய்டுகள், அதாவது வைட்டமின் ஏ-யின் வழிவந்தவை. மாலைக்கண் வராமல் இருக்க முருங்கைக்கீரையும் பப்பாளியும் உண்ண வேண்டும் என்று ஆறாம் வகுப்பில் படித்தோமே, அதே வைட்டமின்தான். அதற்காகக் கீரை தின்றால் பரு போகும் என்று யாரும் எண்ண வேண்டாம். கீரையில் உள்ளதை உடல் தனக்குத் தேவையான அளவுக்கே வைட்டமினாக மாற்றிக்கொள்ளும். வைட்டமினையே பெரும் அளவில் விழுங்கினாலோ அது கல்லீரலில் சேர்ந்து நஞ்சாகும். ஆகவே வைட்டமினின் உருவைச் சற்று மாற்றி மருந்தாக்கும் வழியைத் தேட வேண்டியிருந்தது.

பூசும் வழி முதலில் கிடைத்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கிளிக்மன் என்பவரும் அவருடைய தோழர்களும், வைட்டமின் ஏ அமிலமாகிய ட்ரெட்டினாயினைத் தோலில் பூசினால் பரு குறைகிறது என்று 1969-இல் எழுதினார்கள். 1971-இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஏற்றது. இதே கிளிக்மன் ஹோம்ஸ்பர்க் என்னும் சிறைச்சாலையில் கைதிகளின் தோலில் பல ஆண்டுகள் பரிசோதனைகள் நடத்தியவர் என்பதையும் படித்தேன். மறுக்க முடியாத நிலையில் இருந்த மனிதர்கள் அவர்கள். என் மேசையில் இருக்கும் குழாயைப் பார்க்கும்போது சில சமயம் அது நினைவுக்கு வருகிறது.

பூசும் மருந்து செய்யும் வேலை என்ன? மயிர்க்காலின் வாயில் செல்கள் ஒட்டி அடைத்துக்கொள்வதைத் தடுக்கிறது. அழற்சியையும் ஓரளவு தணிக்கிறது. பரு போன இடத்தில் நம்மைப் போன்ற மாநிறத்தவர்க்கு நெடுநாள் நிற்கும் கருந்திட்டும் மெல்ல மங்குகிறது. எண்ணெய்ச் சுரப்பைக் குறைக்கும் ஆற்றல் மட்டும் அதற்கு இல்லை என்றே சொல்லலாம். ட்ரெட்டினாயின் வெளிச்சத்தில் கெட்டுவிடும். ஆதலால் இரவில்தான் பூச வேண்டும். 1996-இல் அமெரிக்காவில் அடாபலீன் என்று ஒன்று வந்தது. அது வெளிச்சத்துக்கு அசையாது. தோலையும் அவ்வளவாக எரிக்காது. எனக்குக் கிடைத்தது இதுதான், 0.1 சதவீத ஜெல்.

இதைப் பூசும் முறையில்தான் நம்மில் பலர் தவறுகிறோம். பருவின் தலைமேல் பொட்டு வைப்பது போல வைப்பது தவறு. நாளைக்கு வரப்போகும் பரு இன்று கண்ணுக்குத் தெரியாத அடைப்பாக எங்கோ இருக்கிறது. மருந்து அதற்கும் சேர்த்துத்தான். ஒரு பட்டாணி அளவு எடுத்து, முகம் நன்றாகக் காய்ந்த பின், கண், உதடு, மூக்கோரம் விட்டு முகம் முழுவதும் மெல்லியதாகத் தடவ வேண்டும். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதிகம் பூசினால் சீக்கிரம் குணமாகும் என்பது பொய். தோல் உரிந்து எரிவதுதான் நடக்கும், அந்த எரிச்சலே நம் நிறத்துக்குப் புதிய கருமையைக் கொண்டுவரும். காலையில் வெயிலில் போகுமுன் வெயில் தடுப்புக் களிம்பு தேவை.

இன்னும் ஒன்று, பொறுமை. முதல் சில வாரங்களில் பரு கூடினாலும் கூடும். எனக்கு மூன்றாவது வாரத்தில் கன்னம் முழுவதும் கிளம்பிவிட்டது. வகுப்பில் ஒருத்தி, “மருந்து பூசியா இப்படி?” என்று கேட்டாள். அன்று மாலை குழாயைக் குப்பையில் போட்டேன். அம்மா எடுத்துக் கழுவி மறுபடி மேசையில் வைத்தார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை பொறுத்துத்தான் பலனைச் சொல்ல முடியும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்கள். நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

இனி விழுங்கும் மருந்து. அதன் பெயர் ஐசோட்ரெட்டினாயின். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் கேரி பெக் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும், வேறு எதற்கும் அடங்காத கட்டிப் பருவுடைய 14 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்து, 13 பேருக்கு முழுவதும் மறைந்ததாக 1979-இல் அறிவித்தார்கள். அதிலும் பெரிய வியப்பு, மருந்தை நிறுத்திய பின்னும் பரு நெடுநாள் திரும்பவில்லை என்பதே. 1982-இல் அது அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பூசும் மருந்து செய்யாத வேலையை இது செய்கிறது: எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடுகிறது. எண்ணெய் குறைந்தால் அதில் வாழும் நுண்ணுயிருக்கும் உணவில்லை. அடைப்பும் அழற்சியும் கூடவே குறைகின்றன. பருவுக்குக் காரணமான நான்கையும் ஒருங்கே தாக்கும் மருந்து இது ஒன்றே.

அளவு உடல் எடையைப் பொறுத்தது. நாள் ஒன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம். மொத்தத்தில் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் வரை என்பது பெரும்பாலும் பின்பற்றப்படும் கணக்கு. அக்காவின் எடை 50 கிலோ. 50-ஐ 120-ஆல் பெருக்கினால் 6,000 மில்லிகிராம். நாள்தோறும் காலையில் 20, இரவில் 20 என்று 40 மில்லிகிராம் சாப்பிட்டால் 150 நாட்கள், அதாவது ஐந்து மாதம். இந்த மருந்து கொழுப்பில் கரைவது. ஆதலால் வெறும் வயிற்றில் சாப்பிட்டால் சரியாக உடலில் சேராது, சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும்.

இவ்வளவு நல்ல மருந்தை ஏன் எல்லாருக்கும் கொடுப்பதில்லை என்று நான் கேட்டேன். டாக்டரம்மா, “உங்கள் ஊரில் வயல் இருக்கிறதா?” என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். “ஒரு செடியின் வேரில் உரம் வைத்தால் அந்தச் செடிக்குத்தான் போகும். அதே உரத்தை வாய்க்காலில் கரைத்துவிட்டால், மடை திறந்த வயலுக்கெல்லாம் போகாதா?” என்றார்கள். பூசிய மருந்து பூசிய இடத்தில் நிற்கும். இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். விழுங்கிய மருந்தோ இரத்தம் போகும் இடமெல்லாம் போகும். அதனால்தான் அக்காவின் உதடு ஐந்து மாதமும் வெடித்துக்கொண்டே இருந்தது. சாப்பிடுபவர் அநேகமாக எல்லாருக்கும் உதடு வறளுமாம். கண் உலர்ந்தது, இரண்டு முறை மூக்கில் இரத்தம் வந்தது, மாடிப்படி ஏறினால் முழங்கால் வலித்தது. கல்லீரலையும் இரத்தக் கொழுப்பையும் அறிய மருந்து தொடங்குமுன்னும் இடையிலும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பருவுக்கென்றே கொடுக்கும் டெட்ராசைக்ளின் வகை மாத்திரைகளை இதனோடு சேர்க்கக் கூடாது. மண்டைக்குள் அழுத்தம் கூடிவிடும். மனச்சோர்வு வரும் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஆய்வுகள் இதில் ஒன்றுபடவில்லை, பருவே மனத்தை வாட்டக்கூடியதல்லவா? ஆனாலும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று பெரியம்மாவிடம் சொல்லியிருந்தார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது ஒன்று உண்டு. நம் பள்ளி மலரில் எழுதலாமா என்று தயங்கினேன். பெண்கள் படிக்கும் மலரில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

தாயின் வயிற்றில் கரு உருவாகும் முதல் வாரங்களில், தாய்க்கே இன்னும் தெரியாத அந்த நாட்களில், காது, முகம், இதயம், மூளை எல்லாம் அமையத் தொடங்குகின்றன. எந்த உறுப்பு எங்கே எப்படி அமைய வேண்டும் என்று செல்களுக்குச் செய்தி சொல்பவற்றுள் வைட்டமின் ஏ அமிலமும் ஒன்று. அந்த நேரத்தில் இந்த மருந்து இரத்தத்தில் இருந்தால் செய்தி குழம்பிவிடுகிறது. 1985-இல் எட்வர்ட் லாமர் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் இம்மருந்து பட்ட 154 கர்ப்பங்களை ஆராய்ந்தார்கள். அவற்றுள் பல நிலைக்கவில்லை. 21 குழந்தைகளுக்குப் பெரும் குறைகள் இருந்தன. காது சிறுத்தோ இல்லாமலோ போனவை, இதயத்தில் கோளாறு, மூளையில் கோளாறு. இத்தனைக்கும் கருவுற்றவர்கள் உண்ணக் கூடாது என்று முதலிலிருந்தே எழுதித்தான் விற்றார்கள். எழுதி வைத்தால் மட்டும் போதவில்லை. 2006-இல் அமெரிக்காவில், மருத்துவர், மருந்துக்கடைக்காரர், சாப்பிடுபவர் மூவரும் பெயர் பதிந்து, பெண்களானால் மாதந்தோறும் பரிசோதனை செய்து காட்டிய பிறகே மாத்திரை கையில் கிடைக்கும்படி ஒழுங்கு செய்தார்கள்.

நாங்கள் இதை எங்கள் வீட்டிலேயே கண்டோம். சென்ற மே மாதம் அக்கா முதன்முதலாகப் போனபோது, டாக்டரம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, “கல்யாணம் எப்போது?” என்று கேட்டார்களாம். செப்டம்பரில் என்று பெரியம்மா சொன்னார்கள். அப்படியானால் இந்த மாத்திரை வேண்டாம், அல்லது கல்யாணத்தைத் தள்ளி வையுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். மருந்து ஐந்து மாதம், நிறுத்திய பின் உடலிலிருந்து நீங்க முழுதாக ஒரு மாதம். வீட்டில் பெரிய சண்டை. “பருவுக்காகக் கல்யாணத்தைத் தள்ளி வைத்ததாக உலகத்தில் கேள்விப்பட்டதுண்டா?” என்று ஆச்சி மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. அக்கா அழுதாள். அடுத்த முறை ஆச்சியும் கூடவே போனார்கள். டாக்டரம்மா அவர்களை உட்கார வைத்து, காதில்லாமல் பிறந்த பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார்கள். ஆச்சி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “ஜனவரியில் வைத்துக்கொள்ளலாம்” என்றார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டியதையும் அவர்களே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

ஒரு மாதக் கணக்கில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. சாப்பிடும் நாட்களிலும் நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரையிலும் இரத்ததானம் செய்யக் கூடாது. அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம். இதை நான் கொஞ்சமும் நினைத்துப் பார்த்ததில்லை. மணப்பெண்ணுக்கு அழகு நிலையத்தில் செய்யும் ‘வாக்சிங்’கும் ஆறு மாதத்துக்கு ஆகாது, தோல் மெலிந்திருப்பதால் மெழுகோடு உரிந்து வந்துவிடும்.

அப்படியானால் எனக்கு அந்த நான்கு மாத்திரைகளால் கேடு ஒன்றும் வந்ததா? வரவில்லை. டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டறிந்து, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு, “மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா?” என்று கேட்டார்கள். எனக்கு இருப்பவை அடைப்புகள். அவற்றுக்குப் பூசும் மருந்தே போதும். அக்காவுக்கு இருந்தவை ஆழத்தில் கட்டிகள். அவளும் முதலில் மாதக்கணக்கில் பூசிப் பார்த்தவள்தான். பூச்சு அவ்வளவு ஆழத்துக்கு எட்டவில்லை, தழும்பும் விழத் தொடங்கிவிட்டது. அதன் பிறகே மாத்திரை. பூச்சு எளிய மருந்து என்றோ மாத்திரை உயர்ந்த மருந்து என்றோ இல்லை. எந்தப் பருவுக்கு எது என்பதே கேள்வி. இரண்டையும் ஒன்றாகவும் கொடுப்பதில்லை, தோல் தாங்காது. மாத்திரை முடிந்த பின், பரு திரும்பாமல் இருக்க மறுபடியும் பூச்சுக்கே வருவதுண்டு. அக்காவுக்கு அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. திருமணத்துக்குப் பின் குழந்தை வேண்டும் என்றிருக்கும் காலத்தில் பூச்சும் வேண்டாம் என்றே டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள். இரத்தத்தில் சேர்வது சொற்பம்தான், ஆனாலும் வேண்டாம் என்றார்கள்.

பூசும் மருந்திலும் ஏமாந்துவிடும் இடம் ஒன்று உண்டு. எங்கள் வகுப்பில் ஒருத்தி முகம் வெளுக்க என்று ஒரு குழாய் வாங்கினாள். மருந்துக்கடையில் சீட்டுக் கேட்காமலே கொடுத்துவிட்டார்கள். அதில் ட்ரெட்டினாயின் இருக்கிறது, டாக்டர் எழுதுவதும் அதுதானே என்று என்னிடம் காட்டினாள். அட்டையைத் திருப்பிப் படித்தேன். ட்ரெட்டினாயினோடு ஹைட்ரோகுவினோனும் மொமெட்டசோனும் இருந்தன. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. மங்குக்கு மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதும் கலவை அது. முதல் மாதம் முகம் பளபளத்தது. மூன்றாம் மாதம் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, ஸ்டீராய்டினாலேயே புதுப் பருக்கள் புறப்பட்டன. பூசுவதை நிறுத்தினாலோ முகம் நெருப்பாய் எரிந்தது. அவள் இப்போது டாக்டரம்மாவிடம் போய்வருகிறாள். இதை எழுதச் சொன்னவளும் அவளே. பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

அக்காவின் கடைசி மாத்திரை சென்ற வாரம் முடிந்தது. அட்டையில் நான் தின்ற நான்கும் குறைந்ததால் இரண்டு நாள் மருந்துக்குப் புதிய சீட்டு எழுதி வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பணத்தை என் உண்டியலிலிருந்து கொடுத்தேன், அவள் வாங்க மறுக்கவில்லை. எனக்கு இது பதினோராவது வாரம். நெற்றி தெளிந்துவிட்டது. மூக்கில் இன்னும் கரும்புள்ளிகள் இருக்கின்றன. தாடையில் நேற்று ஒன்று புதிதாக வந்திருக்கிறது.